கூடாது என்று சொல்லும் இடம்

தோவாளையில் பஸ் ஏறிய பூக்கார அம்மா ஒருத்தி ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் தூங்கிப்போய்த் தலையைப் பிரிஸ்காவின் தோளில் சாய்த்துவிட்டாள். இனி லேப்டாப்பைத் திறக்க வழியில்லை. திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் ஒரு படம் வரைந்துவிட வேண்டும், நாலைந்து பெட்டி, பெட்டிக்குப் பெட்டி அம்பு, மென்பொருளில் எந்தப் பகுதி எதோடு பேசலாம் எது எதோடு பேசக்கூடாது என்று காட்டுகிற படம், அதை மீட்டிங்கில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே முடிவு பண்ணி வைத்திருந்தவளுக்கு இப்போது கையை அசைக்கவே இடமில்லை. எழுப்பலாம்தான். மனசு வரவில்லை. அந்த அம்மாவின் மடியில் ஈரத்துணி சுற்றிய பிச்சிப்பூப் பை, பூச்சந்தைக்கு விடியுமுன்னே வந்த களைப்பு முகம் முழுக்க அப்பிக் கிடந்தது. கிடக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் வந்துவிட்டன. ஒன்று வேகமாகச் சுற்றுகிறது, பக்கத்திலேயே இன்னொன்று சும்மா நிற்கிறது. ஒரே காற்றுதானே அடிக்கிறது, இது மட்டும் ஏன் நிற்கிறது என்று இந்த வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், யாரிடமும் கேட்டதில்லை. படம் இல்லாவிட்டால் என்ன, மனசுக்குள் வரைய யார் தடுத்தது. முதல் பெட்டி, ரத்த வங்கிக் கவுண்டரில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர். இரண்டாவது பெட்டிக்குப் போகாமல் மனம் அங்கேயே நின்றுவிட்டது. முதல் பெட்டியைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பெட்டி இனி இருக்குமா இருக்காதா என்பதுதானே இன்றைய பேச்சே.

அவளுடைய கம்பெனி ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. வந்த ரத்தம், போன ரத்தம், யாருக்கு எந்த வகை, எதை யாருக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது. பழைய மென்பொருள் டெஸ்க்டாப் வகை, கவுண்டரில் உள்ள கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருப்பது, சாம்பல் நிறத் திரை, பார்த்தால் தூக்கம் வரும். அதை மூடிவிட்டு எல்லாவற்றையும் வெப்புக்கு, அதாவது எங்கிருந்தும் பிரவுசரில் திறக்கிற மாதிரிக்கு மாற்றிவிடலாம் என்று மேனேஜர் ஆசைப்படுகிறார். மாற்றுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் இவள். மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்கிற வேலை, விசிட்டிங் கார்டில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மாமனார் மாடி எடுக்க பிளான் போட்டுத் தரச் சொன்னது தனிக்கதை. எந்த வடிவமைப்பு முறையைப் பிடிப்பது என்று ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள், எம்விசி என்கிறார்கள், எம்விவிஎம் என்கிறார்கள், எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு சர்வரில் போடு என்கிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு புது மூன்றெழுத்து வந்து பழையதைப் பார்த்துச் சிரிக்கிறது. உரித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவதை ஒரு பக்கம் வை, எது கூடும் எது கூடாது என்கிற சட்டத்தை ஒரு பக்கம் வை, நடுவில் தூது போக ஒரு ஆளை வை. வெப் பக்கம் என்றால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடும், அதற்கு ஒரு வகைத் தூதன் போதும். டெஸ்க்டாப் திரையில் திறந்த ஜன்னல் நாள் முழுக்க விழித்தே இருக்கும், உள்ளே ஒன்று மாறினால் உடனே தானும் மாற வேண்டும், அதற்கு வேறு வகைத் தூதன். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழையதை மூடக்கூடாது என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் சொல்வது படித்த மனமா, மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரசவ அறையில் மல்லாந்து கிடந்த மனமா? அதுதான் பயமாக இருக்கிறது. ஆபீஸில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்தால், மேடம் சென்டிமென்ட் பார்க்கிறாங்க என்று ஒரே வரியில் மீட்டிங்கை முடித்துவிடுவார்கள். முடித்தால் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரு மெஷினுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்பது ஆர்க்கிடெக்ட் சொல்கிற காரணமா?

முப்பந்தல் காற்று ஜன்னல் வழியாக வந்து கண்ணைக் கரித்தது. அன்றைக்கும் காற்றுதான். கார்த்திகை மாதத்து மழை, பட்டப்பகலிலேயே வானம் மையிருட்டாக இருந்தது, நாகர்கோவில் முழுக்க மரம் விழுந்து கேபிள் அறுந்து நெட் இல்லை, போனில் டவர் இல்லை, ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, அழுத சத்தமும் கேட்டுவிட்டது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் குளிர், பாதத்தில் தொடங்கி மேலே ஏறிய குளிர், கூரையில் ஒரு டியூப்லைட் ஓரம் கறுத்துப்போய் இருந்தது, பிபி இறங்குது டாக்டர் என்று யாரோ சொன்னார்கள், அவளுக்கு அது வேறு யாரையோ பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. அறைக்கு வெளியே நடந்ததெல்லாம் புருஷன் ஜெபின் சொல்லித் தெரிந்தது. அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்வான். அவசரம், ரத்த மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்க்க நேரமில்லை, அவளுடைய கேஸ் ஃபைல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஓடிவந்து, அண்ணா அக்காவுக்கு என்ன குரூப் என்று கேட்டாள். ஜெபின் வருஷா வருஷம் ரத்தம் கொடுக்கிறவன். என்ன குரூப் என்று யாராவது கேட்டால் அவன் வாய்க்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். பி பாசிட்டிவ் என்றான். அவனுடையது. இவளுடையது ஓ. நர்ஸ் அதையே எழுதிக் கையில் கொடுக்க, அவன் சீட்டோடு ரத்த வங்கிக்கு ஓடினான்.

கவுண்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வேற குரூப்புன்னு சொல்லுகு" என்றாளாம். ஜெபின் சத்தம் போட்டிருக்கிறான். "எனக்குத் தெரியாதா? பி பாசிட்டிவ்தான். எத்தன தடவ எழுதிக் குடுத்திருக்கேன்! அங்க உசுரு போகுது, நீ கம்ப்யூட்டரப் பாத்துட்டு நிக்க." அந்தப் பெண் மறுபடி தட்டினாள், கம்ப்யூட்டர் மறுபடி மாட்டேன் என்றது. அவள் வாதாடவில்லை. மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து அவன் பக்கம் திருப்பிவிட்டாள். சாம்பல் திரையில் சிவப்பாக, தமிழில், இந்த நோயாளிக்குப் பதிவான ரத்த வகை ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் கொடுக்கக்கூடாது என்று இருந்தது. முழுகாமல் இருக்கும்போது சோதித்தது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிந்து கிடந்திருக்கிறது, அதைப் படிக்க அதற்கு நெட் தேவைப்படவில்லை. ஓ வகைக்காரிக்கு பி ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரிஸ்கா ஒரே ஒரு தடவைதான் படித்துப் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. ஜெபின் அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்தானாம், பிறகு தன் கையில் இருந்த சீட்டைப் படித்தானாம், பிறகு, ஐயோ அது எனக்குள்ளதுல்லா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். பிரிஸ்கா வேலைக்குத் திரும்பிய பிறகுதான், அந்தச் சாம்பல் திரை தன்னுடைய கம்பெனி செய்ததென்று யோசித்தே பார்த்தாள். பழக்கமான பொருள் அப்படித்தான், முன்னால் இருந்தாலும் தெரியாது. இந்த மூச்சு, இந்த ஜன்னல் காற்று, தோளில் கனக்கிற இந்த அம்மாவின் தலை, வீட்டில் பாலாடையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிற மகள் ஜோவிட்டா, எல்லாம் அதற்கப்புறம் கிடைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அவளைப் பெற்ற அம்மா நூறு தடவை சொல்லிவிட்டாள். பிரிஸ்காவும் சொன்னாள், மனசாரச் சொன்னாள், ஆனால் இன்னும் யாருக்கோ பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் போகவில்லை.

பணகுடி தாண்டியதும் போன் அடித்தது, தூங்குகிற தலை அசையாமல் வலது கையால் எடுப்பதற்குள் பாதி ரிங் போய்விட்டது. இசக்கிராஜ். புது வெப் மென்பொருளின் மாதிரியைச் செய்தவன் அவன், டீமில் கெட்டிக்காரன், அவன் எழுதியதைப் படித்தால் கூட்டிப் பெருக்கிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். "அக்கா, எங்க வாறிய? மேனேஜர் இப்பவே கேக்காரு, வெப்தானே, ஆஸ்பத்திரிகளுக்கு மெயில் போட்டுரலாமான்னு." "நீ என்ன சொன்ன?" "அக்கா வரட்டும்னு சொன்னேன்." அந்த ஒரு சொல்லுக்கே அவள் மனசுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். "இசக்கி, நெட்டு போச்சுன்னா உன் கவுண்டர்ல என்ன செய்வாங்க?" "பேப்பர்ல எழுதுவாங்க. நெட்டு வந்ததும் ஏத்திருவாங்க. அதுக்குன்னே ஒரு ஸ்கிரீன் வச்சிருக்கேன்லா." "பேப்பர் கூடாதுன்னு சொல்லுமா?" அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. "அது சொல்லாதுதான்" என்றான் மெதுவாக. பிறகு, "ஆனா ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. டெஸ்க்டாப்பும் இருக்கட்டும் வெப்பும் இருக்கட்டும்னா ரூல ரெண்டு எடத்துல எழுதணும்லா? நாளைக்கு ஒரு ரூல் மாறும். நான் இங்க மாத்திருவேன், அங்க மாத்த மறந்துட்டோம்னா? ஒரு கவுண்டர் குடுக்கலாம்னு சொல்லும், இன்னொரு கவுண்டர் கூடாதுன்னு சொல்லும். அதுக்கு பேப்பரே மேல்க்கா. பேப்பர்னா ஆளு ஜாக்கிரதையாவாவது இருப்பான்." அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் இல்லை. சரியாகத்தான் சொல்கிறான். "பொறு, நானே கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு இடம் மறக்கும். நிச்சயம் மறக்கும். அதுவும் பொங்கலுக்கு முந்தின நாள், எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில். இதை யோசிக்காமலா காலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள்? யோசிக்கவில்லை. சிவப்பு எழுத்தையே நினைத்துக்கொண்டு வந்தால் எங்கே யோசிப்பது. அப்படியானால் சென்டிமென்ட்தான். வள்ளியூரில் கூட்டம் ஏறியது, கண்டக்டர், உள்ள போங்க உள்ள போங்க என்று தள்ளிக்கொண்டே வந்தார், ஒரு பெரிய ஸ்டீல் தூக்குவாளி அவள் முழங்காலை இடித்துவிட்டு நின்றது, வாளியிலிருந்து ரசவடை வாசனை. இரண்டு ஜன்னல், இரண்டு தூதன், அது சரி, ஜன்னல் இரண்டாக இருந்தால் என்ன? சட்டம் ஏன் இரண்டாக இருக்க வேண்டும்? பழைய மென்பொருளில் சட்டம் எங்கே இருந்தது? அதை எழுதியவர் தாணுலிங்கம் என்றொருவர். பிரிஸ்கா சேருவதற்கு முன்பே மஸ்கட் போய்விட்டார், முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆபீஸில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஒரு சிரிப்பு வரும். புரோகிராமில் ஒரு சுவர் போதும் என்கிற இடத்தில் நாலு சுவர் எழுப்புவாராம், இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கத்துக்குத் தெரியவே கூடாது என்பாராம், பத்து வரியில் முடிகிறதை மூன்று ஃபைலில் போடுவாராம், இத்தனூண்டு ஒரு கவுண்டர் புரோகிராமுக்கு எதற்கய்யா இத்தனை மதில் என்று கேட்டால், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்பைப் பிடுங்கவா செய்வீங்க என்று கேட்பாராம். பிரிஸ்காவும் அந்த ஃபைல்களுக்குள் வழி தெரியாமல் அலைந்து அலுத்திருக்கிறாள். ரத்தம் கொடுக்கலாமா கூடாதா என்று பார்க்கிற ஃபைல். அதைக் கண்ணை மூடி மனசுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தாள். நோயாளியின் வகை உள்ளே போகும். கேட்கிற வகை உள்ளே போகும். பதில் வெளியே வரும். அதில் ஜன்னல் என்று எங்காவது வருகிறதா? பட்டன்? நிறம்? எந்த வரியிலும் இல்லை. நெட்? டேட்டாபேஸ்? இல்லை, அதுகூட இல்லை. கவுண்டரில் இருக்கிறோமா வேறெங்காவது இருக்கிறோமா என்றுகூட அந்த ஃபைலுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே அந்த மனுஷன் இத்தனை மதில் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார். தூக்கிவாரிப்போட்டதில் தோளை அசைத்துவிட்டாள், அந்த அம்மா ம்ம் என்று முனகி இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இசக்கி, பழையதுல தாணுலிங்கம் எழுதின ரூல் ஃபைல் இருக்குல்லா, அத அப்படியே எடு. ஒரு வரி மாத்தாத. உன் சர்வர்ல வச்சு ஓட்டிப் பாரு." "அது டெஸ்க்டாப் கோடுல்லாக்கா, எப்படி ஓடும்?" "அது டெஸ்க்டாப் கோடும் இல்ல, வெப் கோடும் இல்ல. ஓட்டிப் பாரு, பாத்துட்டுச் சொல்லு." வைத்த பிறகுதான் பயம் வந்தது. ஓடாவிட்டால்? எங்காவது ஒரு மூலையில் அவரும் ஒரு நாள் அலுத்துப்போய்ச் சுவரில் ஓட்டை போட்டிருந்தால்? அவசரத்துக்கு ஒரு வரி, சும்மா ஒரு வரி, திரையில் இருந்தே நேராக எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தால்? இவளே எத்தனை தடவை அப்படி எழுதியிருக்கிறாள், எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ஒரு ஓட்டை இருந்தால் இசக்கி சொன்னதுதான் நடக்கும், பழையதை மூடிவிட்டுப் பேப்பர்தான், அடுத்த மழைக்கு எவளோ ஒருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள், எவனோ ஒருத்தன் தன்னுடைய வகையைச் சொல்லுவான், சீட்டு அவனை மறுத்துப் பேசாது. நாங்குநேரி வந்தது, போனது. குளத்தில் தண்ணீர் கிடந்தது, நடுவில் கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. பயத்தின் நடுவிலேயே, யாருக்கு நன்றி சொல்வது என்ற பழைய கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கூடாது என்று சொன்னது தாணுலிங்கத்தின் ஃபைல். ஆனால் அது வெளியே நீட்டியது வெறும் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லைத்தான், அதற்குத் தமிழ் தெரியாது, சிவப்பு தெரியாது. தமிழும் சிவப்பும் ஜன்னலின் வேலை, அதை எழுதியது யாரோ. ஜன்னல் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது, ஜெபின் பக்கம் அதைத் திருப்பியது அவள் கை. அந்தக் கையை எந்தப் பெட்டியில் வரைவது? நன்றியை எந்த அடுக்கில் வைப்பது? வைக்க இடம் தெரியாமல் எல்லோருக்குமாகக் கண் நிறைந்துவிட்டது, துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதில் போன் இருந்தது.

மூன்றடைப்பில் போன் அடித்தது. இசக்கியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "அக்கா, ஓடுது." "எப்படி ஓடுது?" "அப்படியே ஓடுது. ஒரு வரி தொடல. நம்ம டெஸ்ட் கேஸ் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன், அச்சு அசலா ஒண்ணுதான் சொல்லுது. யாருக்கா இந்த ஆளு? இவர நாங்க என்ன கிண்டல் பண்ணுவோம் தெரியுமா!" "அப்போ ரூல் ஒரே எடத்துலதான?" "ஒரே எடம்தான். கவுண்டர் மெஷின்லயும் அதையே வச்சுக்கிடலாம், சர்வர்லயும் அதையே வச்சுக்கிடலாம். மாத்துனா ஒரு ஃபைல்தான் மாறும், ரெண்டுக்கும் ஒண்ணாவே அனுப்பிரலாம். நெட்டு வந்தப்புறம் டேட்டாவ ஒண்ணு சேக்கணும், அது ஒரு தலவலி, அத நான் பாத்துக்கிடுதேன். மேனேஜர்ட்ட நானே சொல்லட்டுமா? ஓட்டிக் காட்டுனா ஒத்துக்கிடுவாரு." "சொல்லுப்பா. நீ கேக்கலன்னா எனக்கு இது தோணிருக்காது" என்றாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் தேவைப்படாது போலிருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள், ஸ்டீல் வாளிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கே.டி.சி. நகர் வந்ததும் பஸ் குலுங்கி நின்றது, அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ மக்களே, உன் மேலயா கெடந்து ஒறங்கிட்டேன்? எழுப்பப்படாதா?" "பரவால்லம்மா, நல்லா ஒறங்குனீங்க." அந்த அம்மா பையைத் திறந்து, கட்டாத பிச்சி ஒரு கை அள்ளி அவள் மடியில் போட்டுவிட்டு அவசரமாக இறங்கிப் போனாள். தோள் மரத்துப்போயிருந்தது, தடவிக்கொண்டிருக்கும்போதே ஜெபின் கூப்பிட்டான். "எங்க நிக்க?" "வண்ணார்பேட்டை வரப்போகு. பாப்பா தின்னாளா?" "ஒரு இட்லி தின்னா, மிச்சத்த நாய்க்குப் போட்டா. செரி, மீட்டிங்ல என்ன சொல்லப் போற? அந்த மெஷின எடுக்கப் போறியளா?" நேற்று ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னது, அவன் ஞாபகம் வைத்திருக்கிறான். "எடுக்கல. அதும் இருக்கும், புதுசும் வரும். உள்ள சட்டம் ஒண்ணுதான்." போனில் பின்னால் ஜோவிட்டா எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. "அப்போ அந்த செவப்பு எழுத்து இருக்கும்லா?" "இருக்கும்." "புதுசுலயுமா?" புதுசில் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று தப்பு வந்தால் வெளிறிய மஞ்சளில், மூலையில், சின்னதாக, ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். போன வாரம் அவள்தான் அழகாக இருக்கிறது என்று சொல்லி அதற்குச் சம்மதம் கொடுத்தாள். "புதுசுலயும் இருக்கும்" என்றாள். "செரி" என்றான் ஜெபின். வைக்கப்போகிறான் என்று நினைத்தாள், வைக்கவில்லை. "என்ன மாதிரி ஒருத்தன் எப்பவும் வந்து நிப்பான், கேட்டியா" என்றான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மடியிலிருந்த பூவைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, வண்ணார்பேட்டை வெயிலில் நின்றபடியே உயிர் வந்துகொண்டிருந்த இடது கையால் போனைப் பிடித்து இசக்கிக்கு அனுப்பினாள்: வெப்பில் அந்த மஞ்சள் பெட்டி வேண்டாம், சிவப்பு, பெரிய எழுத்து, தமிழில். உடனே பதில் வந்தது, ஏன்க்கா, கவுண்டர்ல இருக்கவங்க படிக்க அதுவே போதுமே என்று. அவள் எழுதினாள்: கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவங்களும் படிக்கணும்.